ருசி பார்க்காமல் தட்டு நகராது

கரண்டியில் சாம்பாரை ஏந்திக்கொண்டு ஜீவானந்தம் சமையலறையிலிருந்து வெளியே வருகிறார். மேசைகளில் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று, தட்டுகள் வைத்தாயிற்று, ஆனால் ஒருவருக்கும் இன்னும் ஒரு பருக்கை விழவில்லை. அவர் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டிருக்கிற ஓர் இளைஞன் முன்னால் நிற்கிறார். "சார், கைய நீட்டு." அவன் போனைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டுகிறான். சாம்பார் விழுகிறது. சுடுகிறதென்று உதறப் பார்த்தால் விடமாட்டார்.

"ஊதிக்கினு நக்கு. உப்பு, புளி, காரம், மூணும் எப்டி கீதுன்னு தனித்தனியா சொல்லணும். சும்மா சூப்பர்னு சொல்லாத, அது எனுக்கு வாணாம்."

இளைஞன் கண்ணை மூடி யோசிக்கிறான். வாழ்க்கையில் அவனிடம் யாரும் இவ்வளவு மரியாதையாக அபிப்பிராயம் கேட்டதில்லை போலிருக்கிறது. "புளி மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்குண்ணா" என்கிறான். ஜீவானந்தம் உள்ளே திரும்பிக் கொஞ்சம் வெல்லம் போடச் சொல்லிவிட்டு, அது கரைகிறவரை அங்கேயே நிற்கிறார். பசித்தவர்கள் முனகுகிறார்கள். அவர் காதில் விழுகிற முனகலா அது?

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருக்கிறது அந்த மெஸ். பெயர்ப் பலகையில் ஒரு பாராசூட் வரையச் சொல்லியிருந்தார். எழுதியவர் மழைக்குடை ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டார். 'குடை மெஸ்' என்றே தெருவில் பெயர் நிலைத்துவிட்டதால் அதை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. குள்ளமான, உருண்டையான மனிதர். மீசைக்கு மட்டும் சாயம் பூசுவார், தலையை அதன் போக்கில் விட்டுவிட்டார். நடக்கும்போது இரண்டு முழங்காலும் ஒத்துழைக்காது. கேட்டால் போதும், கதை வரும். ராணுவத்தில் அவர் சமையல் ஹவில்தார். கடைசிப் பல வருடங்கள் ஒரு கமாண்டோ படையில். அந்தப் படையில் சமையல்காரனும் விமானத்திலிருந்து குதித்தாக வேண்டும். "கண்ண மூடிக்கினு குதிச்சேன் சார். கீழ எறங்குனப்புறம்கூட தொறக்கல. வாத்தியார் வந்து, டேய் ஜீவா, பூமி வந்துருச்சுடான்னாரு."

அந்த ருசி பார்க்கும் வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். ராணுவத்துச் சமையல் கூடத்தில், அன்றைக்குப் பொறுப்பிலிருக்கும் அதிகாரி வந்து ஒரு வாய் ருசி பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பரிமாறத் தொடங்குவார்கள். அதுவரை தட்டு நகராது. சமைத்தவரே ருசி பார்த்துக்கொண்டால் அது கணக்கில் சேராது. "சமைச்சவன் நாக்கு பொய் சொல்லும் சார், அவனுக்கு அவன் கைமேல ஆசை" என்பார் ஜீவானந்தம். அதனால்தான் இன்றைக்கும் வேறொரு நாக்கு கிடைக்காமல் அவர் மெஸ்ஸில் குழம்பு வாளி அசையாது.

முன்பெல்லாம் இதற்காக அவர் ஆள் தேடியதில்லை. ஓய்வு பெற்ற நாயப் சுபேதார் ரவி, செம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் பன்னிரண்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். தாம்பரத்தைச் சுற்றிக் குடியேறியிருக்கும் பழைய ராணுவக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அவர் பின்னாலேயே வருவார்கள். சுவரோரத்து மேசை அவர்களுடையது. இப்போது அந்த மேசையில் கல்லூரிப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். ரவி வருவதில்லை. தெருவில் எதிரே வந்தால் ஸ்கூட்டரை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போகிறார்.

காரணம் ஒரு கிச்சடி.

பணியில் கடைசி வருடம். வடக்கே ஒரு மலை முகாம். பொழுது விடிந்தபோது பருப்புக் கிச்சடி தயார். ஆனால் ருசி பார்க்க ஓர் அதிகாரி இல்லை. ராத்திரியெல்லாம் மலையில் சுற்றிவிட்டுத் திரும்பியவர்களில் மேஜர் ஒயர்லெஸ் அறையில் இருந்தார், மற்றவர்கள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில், கையைக் கயிற்றால் கட்டி ஒரு மனிதரை உட்கார வைத்திருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர், விசாரிக்கக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஜீவானந்தம் நாலு பக்கமும் பார்த்தார். கிச்சடி ஆறிக்கொண்டிருந்தது. கரண்டியோடு நேராக அந்தப் பெஞ்சுக்குப் போய், ஊதி ஆற்றி, அந்த மனிதரின் வாயில் ஊட்டிவிட்டு, இந்தியில் கேட்டார்: எப்படி இருக்கிறது?

இடது புருவத்துக்கு மேல் தழும்பு இருந்த அந்த மனிதர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். பயந்துபோய் ஆகா என்று சொல்லியிருக்கலாம். மென்று விழுங்கிவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

பக்கத்தில் நின்ற சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜீவானந்தம் உள்ளே போய் உப்பைப் போட்டுக் கிளறி, மறுபடி வந்து ஊட்டினார். இப்போது சரி என்று அந்த மனிதர் தலையாட்டினார். அதன் பிறகு படை முழுக்க அந்தக் கிச்சடியைச் சாப்பிட்டது. சாப்பிட்டு முடித்த கதிரேசன் என்ற படைப் பையன் வந்து கட்டை அவிழ்த்து, அந்த மனிதருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, தோளைப் பிடித்து ஸ்டோர் கூடாரத்தின் பின்பக்கமாக நடத்திக்கொண்டு போனான். காலை வண்டியில் ஜீவானந்தம் விடுப்பில் ஊருக்குக் கிளம்பினார். திரும்பி வந்தபோது அவரை வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். சில மாதங்களில் ஓய்வும் பெற்றுவிட்டார்.

இதை அவர் வேடிக்கைக் கதையாகத்தான் வைத்திருந்தார். மெஸ் திறந்த நாளிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். "என் சமையல கர்னல் டேஸ்ட் பண்ணிகீறாரு, பிரிகேடியர் டேஸ்ட் பண்ணிகீறாரு. ஆனா கரீட்டா சொன்னவன் ஒரே ஆளு. அவன் கைய கட்டி வச்சிருந்தாங்க." ரவிக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். புது ஆள் யாராவது வந்தால், "மச்சான், அந்த உப்புக் கதைய சொல்லு" என்று எடுத்துக் கொடுப்பதே அவர்தான்.

ஒருநாள் மத்தியானம், கூட்டம் கலைந்த பிறகு, மெஸ்ஸில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கமாண்டோ படையைச் சேர்ந்த மூன்று பேர் மீது ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு உத்தரவு என்று செய்தி. மலைப் பகுதியில் இறந்துபோன ஆடு மேய்ப்பவரின் தகப்பனார் இரண்டு வருடமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் வழக்குத் திரும்பவும் எழுந்திருக்கிறது. விடிவதற்கு முன்பே துப்பாக்கிச் சண்டையில் அவர் கொல்லப்பட்டதாக முதலில் சொல்லப்பட்டிருந்தது. திரையில் ஒரு புகைப்படம் வந்தது. இடது புருவத்துக்கு மேல் தழும்பு. ஜீவானந்தம் துடைத்துக்கொண்டிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மனைவி செல்வமேரி வந்து வாங்கி வைக்கிறவரை அதையேதான் துடைத்தார்.

"செத்தவன் எப்டி மேரி கிச்சடி சாப்டுவான்?" என்று கேட்டார்.

அந்த மூன்று பேர் ஒரு மேஜர், ஒரு சுபேதார், பிறகு நாயக் கதிரேசன். மேஜரோடும் சுபேதாரோடும் அவருக்குச் சல்யூட் உறவுதான். கதிரேசன் அப்படியில்லை. மேடவாக்கத்துப் பையன். புதிதாக மலைக்கு வந்தபோது உயரம் ஒத்துக்கொள்ளாமல் எதைத் தின்றாலும் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தான். ஜீவானந்தம்தான் ஒரு வாரம் மிளகு ரசம் வைத்து, கரைத்த சோற்றைக் குழந்தைக்குக் கொடுப்பதுபோல் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தார். அன்றிலிருந்து அண்ணா என்றால் அவனுக்கு இவர்தான். அவனுக்கும் தீபலட்சுமிக்கும் கல்யாணம் நடந்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பந்திச் சமையல் முழுவதையும் இவரே செய்தார். ஜீவானந்தத்துடையது பிள்ளை இல்லாத வீடு. கதிரேசன் ஊருக்கு வந்தால் செல்வமேரி கேட்காமலே கறி வாங்கி வைப்பாள்.

கமாண்டோக்களைப் பற்றி அவரிடம் யாரும் குறை பேசிவிட முடியாது. எல்லாரும் துப்பாக்கியையும் மீசையையும் பார்த்தார்கள், இவர் பார்த்தது பசியை. எவன் வெங்காயம் தின்னமாட்டான், எவன் வீட்டிலிருந்து கடிதம் வந்தால் இரண்டு நாள் சாப்பிடமாட்டான் என்பதெல்லாம் தெரியும். "சின்னப் பசங்க சார். வூட்ல அம்மாகிட்ட தோச கேட்டு அழுவுற வயசு. அவனுங்கள கூட்டாந்து மலமேல வுட்டுட்டு, சிங்கம் சிங்கம்னா இன்னா பண்ணுவான்?" அவர் அந்தப் பையன்களை நேசித்தார். இன்றைக்கும் நேசிக்கிறார். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

அவரை யாரும் கேட்கவில்லை. முதல் விசாரணையில் சமையல்காரனைக் கூப்பிட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆகவே அவர் சும்மா இருந்திருக்கலாம். செல்வமேரி அதைத்தான் கேட்டாள்.

"நீங்க வாயத் தொறக்கலன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆவாது."

"அப்புறம் என்ன?"

"அதான் மேரி பேஜாரா கீது. ஒண்ணுமே ஆவாது."

இரண்டு நாள் சாம்பாரில் உப்பு அதிகமாகப் போனது. ருசி பார்த்தவர்கள் சொன்னார்கள், அவர் திருத்தினார். மூன்றாம் நாள் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மின்சார ரயிலேறி நகரத்தில் இருக்கிற ராணுவ அலுவலகம் ஒன்றுக்குப் போனார். வாசலில் இருந்தவர் இவருடைய அடையாள அட்டையைப் பார்த்ததும் விஷயத்தைக் கேட்காமலே பென்ஷன் குறையா என்று ஒரு வரிசையில் நிறுத்திவிட்டார். ஜீவானந்தம் வரிசையை மதிக்கிறவர். தன் முறை வருகிறவரை நின்று, கவுன்ட்டரில் இருந்த எழுத்தரிடம், ஒரு கிச்சடி விஷயமாகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்றார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவருக்கு நாற்காலி போட்டார். அரை மணி நேரம் கழித்து ஓர் அதிகாரியின் அறையில் அதே கதையை, முதல் தடவையாகச் சிரிக்காமல், சொல்லிக்கொண்டிருந்தார்.

செய்தி தாம்பரத்துக்கு அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் ரவி வந்தார். உட்காரவில்லை.

"ஏன் மச்சான், அவங்க நம்ம பசங்க இல்லியா?"

"நம்ம பசங்கதான்."

"பல்டனையே, நம்ம பட்டாளத்தையே காட்டிக் குடுத்துட்டியே. அந்தக் குளிர்ல, எவன் சுடுவான் எவன் குண்டு வெப்பான்னு தெரியாம நின்னவங்கடா அவங்க. அடுப்பாண்ட நின்னுகினு இருந்த உனக்கு இன்னா தெரியும்?"

"அடுப்பாண்ட நடந்ததத்தான் ரவி சொன்னேன்" என்றார் ஜீவானந்தம். "மலமேல நடந்தது எனுக்கு எங்க தெரியும்? நீதானடா அந்தக் கதைய வர்றவன்கிட்டல்லாம் சொல்லச் சொன்ன."

ரவி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குச் சுவரோரத்து மேசை காலியானது. அந்த மத்தியானம் கரண்டியோடு வெளியே வந்த ஜீவானந்தத்துக்கு யாரிடம் போவதென்று தெரியவில்லை. கடைசியில் தண்ணீர் லாரி ஓட்டுகிற ஒருவரிடம் கையை நீட்டச் சொன்னார். அவர் என்ன ஏதென்று புரியாமல் முழித்தார்.

கதிரேசனின் மனைவி தீபலட்சுமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். மூடியிருந்த மெஸ்ஸின் பக்கக் கதவு வழியாக உள்ளே வந்து, செல்வமேரி நீட்டிய காபியைத் தொடாமல், நின்றபடியே பேசினாள்.

"மேஜர் கூட்டிட்டுப் போன்னு சொன்னார், இவர் கூட்டிட்டுப் போனார். போகமாட்டேன்னு சொல்ல முடியுமாண்ணா?"

"சொல்றது கஷ்டம்மா."

"சுட்டது இவர்தான்னு நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. யாரு சுட்டாங்கன்னு எனுக்கு சத்தியமா தெரியாது. அத்தயும் சொல்லிட்டேன்."

"அப்ப சரியா ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லிடுங்க. அது பொய்கூட இல்லண்ணா. உங்களுக்கும் வயசாயிடுச்சு."

அந்த இக்கட்டிலும் ஜீவானந்தத்தின் கை மீசைக்குப் போய்த் திரும்பியது. ஐம்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை அவருக்கு. ஆனால் அதற்காக அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. ஆகவே இவரும் நின்றார்.

"அந்தாளு உப்பு பாத்துச் சொன்னாம்மா. அவன் சொன்னத கேட்டுத்தான் நான் உப்பு போட்டேன். பல்டனே சாப்ட்டுது. உன் வூட்டுக்காரனும் ரெண்டாவது தபா வாங்கிச் சாப்ட்டான். இப்ப போயி, அந்தாளு அங்க வரவே இல்ல, விடியறதுக்கு முன்னாலயே செத்துட்டான்னா, அந்தக் கிச்சடிய டேஸ்ட் பண்ணது யாரும்மா? யாரும் டேஸ்ட் பண்ணாம நான் என் பசங்களுக்கு சோறு போட்டதே இல்ல."

தீபலட்சுமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "உங்களுக்கு அந்தக் கிச்சடிதான் பெருசா போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு அது மிகவும் வலித்தது. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதோ என்று சாயங்காலம்வரை யோசித்தார். செல்வமேரி கோயிலிலிருந்து திரும்பி வந்தபோது, "அவ சாப்டாம போயிட்டா மேரி" என்று மட்டும் சொன்னார். இந்த மனிதரால் தாங்க முடியாத துக்கம் அதுதான்.

சம்மன் வந்தது. சென்ட்ரலில் ரயிலேறி, பயண அலவன்சில் கிடைத்த சாப்பாட்டையெல்லாம் வழி நெடுகக் குறை சொல்லிக்கொண்டே வடக்கே அந்தக் கன்டோன்மென்ட் ஊருக்குப் போனார். செல்வமேரி புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள். அதையும் தான் முதலில் தொடாமல், எதிர் சீட்டில் இருந்த பெரியவரை ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்லச் சொன்னாராம்.

அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று மெஸ்ஸில் யாராவது கேட்டால் தெரியாது என்பார். அது உண்மையும்கூட. ராணுவ நீதிமன்றம் தீர்ப்பைச் சொன்னாலும் மேலிடம் அதை உறுதி செய்ய வேண்டும், உறுதி செய்கிறவரை அது தீர்ப்பே ஆகாது. இன்னும் ஒன்றும் வரவில்லை. மேடவாக்கத்துப் பக்கம் அவர் காய்கறி வாங்கக்கூடப் போவதில்லை. அந்த நீதிமன்றத்தில் நடந்ததை அவர் செல்வமேரியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

வரிசையாக அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஜீவானந்தம் தன் பட்டாளத்து இந்தியில் எல்லாவற்றையும் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு வழக்கறிஞர் மரியாதையான மனிதர். மாதத்தைக் கேட்டார், இவர் ஒரு மாதத்தைச் சொன்னார். பனி கொட்டியதா என்றார், ஆமாம் என்றார். சற்று நேரம் கழித்து, மரங்கள் பூத்திருந்தன என்றும் சொன்னார். இரண்டும் ஒரே மாதத்தில் எப்படி என்று வழக்கறிஞர் கேட்டபோது இவருக்கு வியர்த்துவிட்டது. "மாசம் தெரியல சாப். கிச்சடி தெரியும்" என்றார். யாரோ இருமினார்கள். தான் ஒரு கோமாளியாக நிற்கிறோம் என்று அவருக்கே பட்டது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

பிறகு அரசுத் தரப்பு அதிகாரி எழுந்தார். அன்று அந்த மனிதரைப் பெஞ்சிலிருந்து கூட்டிக்கொண்டு போனவர் இந்த அறையில் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றார் ஜீவானந்தம். காட்டுங்கள் என்றார்கள்.

எதிர்ப் பக்கத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கதிரேசன். இடுப்பில் பெல்ட் இல்லை, தலையில் தொப்பி இல்லை. சட்டைக் கழுத்து தொளதொளவென்று கிடந்தது. பையன் இப்படி இளைத்துவிட்டானே என்பதுதான் ஜீவானந்தத்துக்கு முதலில் தோன்றியது. கதிரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நின்ற இடத்திலிருந்து விரலால் காட்டினால் போதும். ஜீவானந்தம் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கினார். முழங்கால் ஒத்துழைக்காத நடையில் அறையைக் கடந்து போனார். காவலுக்கு நின்றவர் ஓரடி முன்னால் வந்தார், தலைமை அதிகாரி கையசைக்க நின்றுவிட்டார். ஜீவானந்தம் கதிரேசன் அருகில் போய் நின்று, அவன் தோளில் கையை வைத்தார்.

"இவன்தான் சாப்" என்றார்.

எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். சாட்சி தன் இடத்துக்குத் திரும்பலாம் என்றார்கள். சரி சாப் என்றார். மறுபடியும் சொன்னார்கள், கொஞ்சம் உரக்க. அதற்கும் சரி சாப் என்றார். கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.